புருஷனுக்கு மேல் வகுப்பு

பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்த கன்னியம்மா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகள் கோவை இலையைக் கசக்கிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசனை அறை முழுவதும் நிறைந்திருந்தது. நான் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மணல் பரப்பிக்கொண்டிருந்தேன். பெயர் கூப்பிடுவது எப்போதுமே கன்னியம்மாவின் வேலை. நான்காம் வகுப்பு. பத்து வயது. அவள் கூப்பிட்டால் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவனுக்கும் கேட்கும்.

“தனலட்சுமி!”

“ஆஜர்!”

“முருகேசன்!”

“ஆஜர்!”

அடுத்தது ஏகாம்பரம். இரண்டாம் வகுப்பு வரிசையில் முதல் ஆளாக, கொடுக்காப்புளியை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். கன்னியம்மா அவனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு, “வள்ளி!” என்றாள்.

“ஏகாம்பரத்தை விட்டுட்டியே?” என்றேன்.

அவள் மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

“கூப்பிடு.”

தலை இன்னும் குனிந்தது. இரண்டும் சண்டை போட்டிருக்கும் என்று நினைத்தேன். அத்தை மகள், மாமன் மகன். நாளுக்கு நாலு தடவை சண்டை, ஐந்து தடவை சமாதானம். “ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கொஞ்சம் அதட்டினேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பொடிசு எழுந்து, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற தோரணையில் சொன்னது:

“அவுரு அவளோட ஊட்டுக்காரரு டீச்சர். ஊட்டுக்காரரு பேர சொல்லக் கூடாதில்ல?”

அப்போதுதான் அவள் கழுத்தைக் கவனித்தேன். புது மஞ்சள் கயிறு. சாயம் சட்டையில்கூட ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை என்னோடு ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்டு கரையேறியவள் இவள்.

நாலு வகுப்பு, ஒரு அறை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வரி. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் இருந்த காலம். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பட்டணத்தில் டிரெயினிங் முடித்தவள். ஏரிக்குத் தெற்கே, முகப்பேருக்குப் போகிற வழியில் ஒரு சிற்றூரில் எனக்கு வேலை கிடைத்தது. இப்போது அந்தப் பக்கமெல்லாம் அடுக்கு வீடுகள் என்கிறார்கள். அப்போது நெல்லும் வேர்க்கடலையும்தான். காலையில் கரை மேலேயே நடந்து போவேன். மாலையில் கரை மேலேயே திரும்புவேன். மழைக்காலத்தில் செருப்பு கையில் இருக்கும்.

பெண்கள் பள்ளிக்கூடம் என்று பலகை தொங்கும். ஆனால் தனியாகப் பெண்ணை அனுப்ப யாருக்கும் மனசு வராது. கூடவே தம்பியோ மாமன் மகனோ வருவான். பலகையைப் பார்த்து அவனை விரட்டினால் பெண்ணும் போய்விடும். அதனால் எல்லாரையும் சேர்த்துக்கொள்வேன்.

நான்கு வகுப்புக்கும் நான் ஒருத்திதான். ஒன்றாம் வகுப்பு மணலில் எழுதும். இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். மூன்றாம் வகுப்பு பார்த்து எழுதும். அந்த நேரத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும். நடுவில் ஒன்று மணலைத் தின்னும். இன்னொன்று மற்றொன்றின் தலையில் இருக்கும் பேனை எல்லாருக்கும் காட்டும். இதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லித்தரவில்லை. அங்கே மரப்பெட்டியும் வண்ணக் குச்சிகளும் வைத்துக்கொண்டு, கை கட்டி உட்கார்ந்த பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் காட்டினார்கள். அந்தப் பத்துப் பேரை நான் அதற்குப் பிறகு எங்குமே பார்க்கவில்லை.

காலையில் வந்ததும் முதல் வேலை பாடமல்ல, தெருச் சுற்றுவது. வீடு வீடாகப் போய், “ஏம்மா, குப்பம்மா எங்கே?” என்று கேட்டு, மாட்டுக் கொட்டகையிலிருந்தும் களத்திலிருந்தும் பிள்ளைகளைப் பிடித்து வர வேண்டும்.

காது தொட்டால் ஐந்து வயது

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது கேட்டால் அம்மாக்காரி, “பெரிய மழ பேஞ்சிதே, அதுக்கு முந்தின வருசம்” என்பாள். எந்த மழை என்று நான் எங்கே போய்க் கேட்பது? அதனால் குழந்தையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா.

கன்னியம்மாவுக்கு எட்டவில்லை. தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுவந்து தொட்டுவிட்டு, “ஆச்சு!” என்றாள். அத்தனை புத்தி இருக்கிற குழந்தையைத் திருப்பி அனுப்புவேனா?

நான்காம் வகுப்புக்கு வரும்போது அவளுக்கு நான் கற்றுக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மனக்கணக்கு கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். எங்களிடம் ஐந்தாம் வகுப்பு கிடையாது. அடுத்த வருஷம் இவளை அம்பத்தூருக்கு அழைத்துப் போய்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எட்டாவது வரை படிக்க வைப்பது, அப்புறம் டிரெயினிங் என்று நான் மனசுக்குள் முடிவே செய்திருந்தேன். அவளுடைய அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவும், “இட்டுகினு போங்க வாத்தியாரம்மா” என்று சொல்லியிருந்தாள்.

பங்குனிக்குள்

சிறு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் வரப்போவதாக ஊரெங்கும் பேச்சு அடிபட்ட வருஷம் அது. எனக்கு மகா சந்தோஷம். வகுப்பிலேயே சொன்னேன். இனி உங்களை யாரும் பிடித்துக் கட்டிவைக்க முடியாது, நிம்மதியாகப் படியுங்கள் என்று.

ஆனால் ஊருக்குள் அந்தச் செய்தி வேறு மாதிரி நுழைந்திருந்தது. பங்குனி முடிந்தால் கலெக்டர் கையெழுத்து இல்லாமல் கல்யாணமே நடக்காது என்றார்கள். பதினாலு வயசு ஆகிறவரை பெண்களைச் சர்க்காரே பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்கள்தான் முதலில் அகப்படுவார்கள் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சொல்லப்போனால் அந்த ஊரில் பத்து வயதில் கல்யாணம் செய்கிற வழக்கமே கிடையாது. பெண் பெரியவளாகி, இரண்டு அறுவடை கழிந்துதான் பேச்சே எடுப்பார்கள். சட்டம் வந்து தடுக்கும் என்ற பயத்தில், இல்லாத வழக்கத்தைப் புதிதாக உண்டாக்கிவிட்டார்கள்! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் வண்டி வண்டியாக மாங்காட்டுக் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். கூட்டம் தாங்கவில்லையாம். ஒரே பந்தலில் வரிசையாக உட்கார வைத்துத் தாலி கட்டினார்களாம். சில மாப்பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கன்னியம்மா விஷயத்தில் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அம்மாவின் அண்ணன் வேதாசல நாயக்கர். அவர் மகன் ஏகாம்பரம். முறைப் பையன் கைக்கெட்டும் தூரத்தில் கொடுக்காப்புளி தின்றுகொண்டிருந்தான்.

“உங்க ஊட்டுக்காரரு பேரு இன்னா?”

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன்.

கயிற்றைப் பார்த்த அதிர்ச்சியில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தக் குழந்தை மேலேயே காட்டினேன். “இது வீடில்லை, பள்ளிக்கூடம். இங்கே புருஷனும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. பேரைச் சொல்றதாலே ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிடாது. சொல்லு!”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

“உங்க ஊட்டுக்காரரு பேரு இன்னா டீச்சர்?”

வாயைத் திறந்தேன். வரவில்லை.

நாற்பது பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. டிரெயினிங் படித்தவள், இங்கிலீஷ் வாசிக்கிறவள், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷன் வாசலில் பெயர்ப் பலகை மாட்டினால் தினமும் படித்துக்கொண்டே போகக்கூடிய சாதாரண நாலெழுத்துப் பெயர். இப்போதும் பாருங்கள், இத்தனை வாரமாக ‘என் வீட்டுக்காரர்’ என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன். பத்திரிகை ஆசிரியர் குழுவிலிருந்துகூட ஒருமுறை அவர் பெயரைக் கேட்டார்கள்.

ஏகாம்பரம்தான் என்னைக் காப்பாற்றினான். கொடுக்காப்புளிக் கொட்டையைத் துப்பிவிட்டு, “ஆஜர் டீச்சர்,” என்றான், யாரும் கூப்பிடாமலே.

“அவள எறக்கி உடுங்க”

நாலு நாள் கழித்து வேதாசல நாயக்கர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நல்ல உயரம், நல்ல மனுஷர். கூரை ஒழுகினால் கீற்று கொண்டுவந்து போடுகிறவர். என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“வாத்தியாரம்மா, ஒரு சின்ன விசயம். எம் புள்ள எந்தக் கிளாசு?”

“ரெண்டாவது.”

“எம் மருமவ?”

“நாலாவது.”

“அது எப்டிங்க?” என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். “புருசங்காரன் ரெண்டாங் கிளாசுல கீறான், பொண்டாட்டி நாலாங் கிளாசுல குந்திகினு கீறா. ஊரு சிரிக்காது? அவள எறக்கி உடுங்க.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது.

“எங்கே இறக்குவது?”

“ஒண்ணாங் கிளாசுல போடுங்க. அவனுக்குக் கீழ இருந்தா சரிதான். இல்லேன்னா ஊட்டோட நின்னுடட்டும்.”

பரண் மேலிருந்து பானையை இறக்கச் சொல்கிற மாதிரி அவ்வளவு இயல்பாகச் சொன்னார். படித்த பாடத்தை எப்படி ஐயா இறக்குவது என்று கேட்டேன். தலையில் ஏறினதை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நாளைக்கி அவ எம் புள்ளய மதிக்கணுமில்ல?” என்றார்.

அம்மாவிடம் ஓடினேன். “எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான் வாத்தியாரம்மா. இனிமே அவ அவுங்க ஊட்டுப் பொண்ணு” என்று முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் நாயக்கரோடு ஒரு பேரம் செய்துகொண்டேன். கன்னியம்மாவை இறக்க வேண்டாம், ஏகாம்பரத்தை ஏற்றிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் அம்மா வருவார். அவர் முன்னால் பையன் கேள்விக்குப் பதில் சொன்னால் நேரே நான்காம் வகுப்பு. இருவரும் ஒரே வகுப்பு. அப்போது ஊர் சிரிக்காது. அப்புறம் இருவரையும் சேர்த்தே அம்பத்தூருக்கு அனுப்பலாம்.

நாயக்கர் யோசித்தார். “அதுவரைக்கும் வரட்டும். அவன் ஏறலேன்னா இவ நிக்கணும். அவனத் தாண்டிப் போறதுன்ற பேச்சே வாணாம்” என்றார்.

ஏற்றுகிற வேலை

பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஏகாம்பரம் கெட்ட பையனில்லை. தங்கமானவன். வாய்ப்பாடுதான் அவன் தலைக்குள் தங்காது. மதியச் சோற்று வேளையில் நான் சொல்லிக்கொடுப்பேன். மாலையில் கிணற்றடியில் கன்னியம்மா சொல்லிக்கொடுப்பாள்.

முன்பெல்லாம் அவன் தப்பாகச் சொன்னால் நடுமண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். இப்போது அது முடியாதே! ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது என் காதில் விழுந்தது. “ஏங்க, எட்டேழு எவ்ளோங்க?” என்று பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறாள். அவன், “குட்டேன்டி, அப்பத்தான் ஞாபகம் வரும்” என்கிறான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஆனால் ஏறினான். மெல்ல மெல்ல ஏறினான். பதினாறு வரை வாய்ப்பாடு, அரை, கால், முக்கால் எல்லாம் வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கையும் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா

ஜட்கா வந்து நின்றது. குடையும் பூட்ஸுமாக இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கினார். முந்தின நாளே ஊமத்தை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசி வைத்திருந்தேன். என் நகத்தில் கறுப்பு இன்னும் போகவில்லை. வழக்கம்போல ஊரில் பாதிப்பேர் ஜன்னலில் நின்றார்கள். வேதாசல நாயக்கர் வாசலிலேயே நின்றார்.

பாட்டு, வாசிப்பு, சொல்வதெழுதுதல் எல்லாம் ஆயிற்று. ஏகாம்பரத்தைத் தனியாக நிறுத்தி அவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். நான் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

“கடைசியாக ஒரு மனக்கணக்கு” என்றார் அவர். “ஒரு நாழிகைக்கு நாற்பது சால் தண்ணீர் இறைக்கிறார்கள். இரண்டரை நாழிகைக்கு எத்தனை சால்?”

இதைவிடச் சுலபமான கணக்கு அவனுக்குக் கிடைக்காது. பிறந்ததிலிருந்து ஏற்றத்தைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அவன் வாசலைப் பார்த்துவிட்டான். அப்பா நிற்கிறார். அவ்வளவுதான். “எம்பது...” என்றான். அப்புறம், “அறுபது” என்றான். அப்புறம் அழுதுவிட்டான்.

“போகட்டும், உட்கார். இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா என்னிடம். பிறகு நான்காம் வகுப்பின் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பக் கேட்ட பெண் யார்? நீ சொல்லம்மா. அதே கணக்குதான்.”

கன்னியம்மா எழுந்து நின்றாள்.

சரி, இவளாவது நம்முடைய மானத்தைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக இன்ஸ்பெக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியாதுங்க.”

“யோசித்துச் சொல்.”

“தெரியாதுங்க.”

“நாற்பதில் பாதி எவ்வளவு?”

“தெரியாதுங்க.”

பேய் பிடித்துவிட்டதா இவளுக்கு? இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். “இந்தப் பெண்ணையா ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீர்கள்? இதே வகுப்பில் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார். வண்டி கரையேறுகிறவரை நான் வாசலிலேயே நின்றேன்.

நாயக்கர் என் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மகன் தோற்ற வருத்தத்தின் சுவடே இல்லை.

“பரவால்ல வாத்தியாரம்மா. பொண்ணுக்கு அடக்கத்த நல்லாக் கத்துக்குடுத்துகீறீங்க. அவனத் தாண்டிப் போல பாருங்க. நானும் அவசரப்பட்டு நிறுத்தறேன்னு சொல்ட்டேன். வரட்டும், ரெண்டு பேரும் அவுங்க பாட்டுக்கு வந்துகினு போய்கினு இருக்கட்டும்” என்றார்.

கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குக் கை கூப்பக்கூடத் தோன்றவில்லை.

உள்ளே வந்தேன். பிள்ளைகள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். கன்னியம்மா மட்டும் சிந்தின மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கேட்டேன்.

“நாழிகைக்கு நாற்பது சால். ரெண்டரை நாழிகைக்கு?”

“நூறு,” என்றாள் உடனே. “சாலு ஒழுகாம இருந்தா.”

“அப்போ ஏன்டி சொல்லலே?”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்தாள்.

“சொல்லியிருந்தா நாளைலேந்து என்ன உடமாட்டாங்க டீச்சர். இப்ப உடுறாங்க இல்ல?”

பத்து வயது. அதே காலையில் நான் நகம் தேய்த்துக்கொண்டும் கரும்பலகை துடைத்துக்கொண்டும் இருந்தபோது, அவன் தோற்றால் தானும் தோற்க வேண்டும் என்று இவள் முடிவு செய்து வைத்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எனக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“கதவ சாத்திட்டு அஞ்சாங் கிளாசுக் கணக்கு ஒண்ணு சொல்லுங்க டீச்சர்,” என்றாள்.